முப்பாட்டன் கூழ்

காலையில் பல் துலக்கியதும் ஒரு கரண்டி மூச்சுக்கூழ். சமவெளி வெயிலுக்குத் தப்பித் திபெத்தியப் பீடபூமியில் குடியேறிய தமிழர்களுக்கு அதுதான் காபி. செத்த எலியை மோரில் ஊறவைத்த மணம். குகை இருக்கும் திசை நோக்கி "முப்பாட்டனுக்கு" என்று கும்பிட்டுவிட்டு விழுங்க வேண்டும். விழுங்கினால்தான் இந்த மெல்லிய காற்றில் ரத்தம் உயிர்வளியைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் குகையில் கிடைத்த ஆதிமனிதனின் காய்ந்த மலத்திலிருந்து உயிர்ப்பித்த நுண்ணுயிரிகள்தான் கூழில் இருப்பவை. அறவாழி அந்தக் கூழைத் தயாரிக்கும் ஆய்வகத்தில்தான் வேலை பார்த்தான். முதல் வருடம் குமட்டியது. பிறகு முன்னோர் பிரசாதம் என்று பழகிவிட்டது.

அன்று காலை அவன் அந்த மலத்தின் மரபணுவை மறுபடி அலசினான். நேரே இயக்குநர் செண்பகவல்லியிடம் ஓடினான்.

"மேடம், இதில் மனித மரபணு இருப்பது உண்மைதான். ஆனால் இதைப் போட்டது மனிதன் இல்லை. கழுதைப்புலி!"

"அப்புறம் மனித மரபணு எப்படி வந்ததாம்?"

"அது தின்ற சாப்பாடு, மேடம். முப்பாட்டன் உள்ளே போனவர்."

செண்பகவல்லி தன் கூழ்க் கரண்டியை வழித்து நக்கிவிட்டுச் சொன்னார்: "மெதுவாகப் பேசுப்பா. போன வருடமே எனக்குத் தெரியும்."

"தெரிந்துமா குடிக்கிறீர்கள்?"

"மூச்சு வருகிறதே! பிடிக்காவிட்டால் கீழே இறங்கு. அங்கே காக்காய் பறக்கும்போதே வெந்து விழுகிறதாம்."

அறவாழி வெளியே வந்து வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அன்றுதான் அவன் மகள் குயிலிக்கு முதல் கரண்டி. பிறந்ததிலிருந்து அவள் இருந்த உயிர்வளிக் கூடாரத்தை அடுத்த குழந்தைக்கு விட்டாக வேண்டும்.

"ஏங்க, பேயறைந்த மாதிரி நிற்கிறீங்க? ஊட்டுங்க" என்றாள் மனைவி வடிவு. குழந்தையை வெளியே எடுத்திருந்தாள். உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

"வடிவு, இது என்ன தெரியுமா..."

"பிள்ளை திணறுது! அப்புறம் பேசுங்க."

ஊட்டினான். குயிலி முகத்தைச் சுளிக்கவில்லை. சப்புக்கொட்டினாள், இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தாள். உதடு சிவந்தது.

வடிவு கண்ணீரோடு மகளை அவனிடம் நீட்டினாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு, குழந்தையின் வாயில் முத்தமிட்டான். தன் உதட்டில் ஒட்டிய கூழைத் துடைக்கக் கையைத் தூக்கினான்.

அதற்குள் அவன் நாக்கு அதை நக்கி முடித்திருந்தது.