மே லேனே நாகலிங்கம்

அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல். பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலருகே ஒரு சின்ன வாங்கில் அருந்ததி உட்கார்ந்திருந்தாள்.

அம்மா கண்ணைத் திறக்காமல் உறங்கிக்கொண்டே இருந்தார். சண்டை என்று பள்ளிக்கூடமும் பூட்டு. அப்பா கிரேக்கக் கப்பலில் வேலை பார்க்கிறார். கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறதென்று யாருக்கும் தெரியாது. சின்னம்மா சாப்பாட்டோடு மாலையில்தான் வருவார். அதற்குள் அருந்ததி கூரை ஓடுகளை எல்லாம் பார்த்து முடித்துவிடுவாள்.

இன்னொருத்தியும் அங்கே தனியாகத்தான் இருந்தாள். சண்டையில் காயப்பட்டவர்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைக்கார நேர்ஸ். மதியத்தில் விறாந்தைப் படியில் இருந்து தனியே பாண் சாப்பிடுவாள்.

"அவவோட ஏன் ஒருத்தரும் கதைக்கிறேல்லை?" என்று பக்கத்துக் கட்டில் அற்புதராணி அக்காவிடம் கேட்டாள் அருந்ததி.

"என்னெண்டு கதைக்கிறது, பிள்ளை? அவவின்ரை இங்கிலீசு எங்களுக்கு விளங்காது. எங்கடை இங்கிலீசு அவவுக்கு விளங்காது."

அன்று நேர்ஸ் அம்மாவின் சேலைனைச் சரிசெய்தாள். விழும் துளிகளை வாய்க்குள் எண்ணினாள்.

"எனா... தியோ... திரியா..."

அருந்ததி நிமிர்ந்தாள். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது அப்பா வாளிகளை இப்படித்தான் எண்ணுவார்! அப்படியென்றால் இவள் கிரேக்கக்காரி!

லீவில் வந்ததும் அப்பா வாசலில் நின்று கத்தும் ஒரு வசனமும் அருந்ததிக்குத் தெரியும். அதில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதான் தெரியாது.

மதியம் நேர்ஸ் படியில் போய் உட்கார்ந்தாள். அருந்ததி எழுந்து நடந்தாள். பாதி வழியில் கால் தயங்கியது. பிழையாகச் சொன்னால் என்ன செய்வது? ஆனால் நேர்ஸ் பாணைக் கடிக்காமல், கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அருந்ததி அவள் முன்னால் போய் நின்றாள்.

"யாசு! மே லேனே நாகலிங்கம்!"

பாண் நேர்ஸின் மடியில் விழுந்தது. அவள் அருந்ததியின் சட்டையைப் பார்த்தாள். இரட்டைப் பின்னலைப் பார்த்தாள். ஆண்கள் வார்டில் அந்தப் பெயரில் ஒரு தாத்தா இருந்தார்.

"நாகலிங்கம்?"

"ஓம், ஓம்," என்று அருந்ததி தலையாட்டினாள். நேர்ஸ் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். அருந்ததிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அவள் ஓடவில்லை.

நேர்ஸ் தன் நெஞ்சில் கை வைத்தாள். "மே லேனே எலேனி." பிறகு அருந்ததியின் பக்கம் கையை நீட்டினாள். "எசேனா போஸ் சே லேனே?"

அருந்ததி யோசித்தாள். மே லேனே எலேனி. மே லேனே நாகலிங்கம். ஓ! 'மே லேனே' எண்டால் 'என்ரை பேர்'!

"ஐயோ, நாகலிங்கம் எங்கடை அப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நேராக நின்று சொன்னாள்: "மே லேனே அருந்ததி."

"அருந்... ததி," என்று எலேனி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ஹாரிகா!"

அது என்னவென்று தெரியவில்லை. கைகுலுக்கிச் சொல்வது கெட்ட சொல்லாக இருக்காது.

"ஹாரிகா!" என்றாள் அருந்ததியும்.

அதோடு சொற்கள் தீர்ந்துவிட்டன. எலேனி பாணைப் பிய்த்துப் பெரிய துண்டை அவளுக்குக் கொடுத்தாள். இருவரும் படியில் இருந்து சாப்பிட்டார்கள். மதிலுக்கு அப்பால், படகுகள் போகாத கடல் இரைந்துகொண்டிருந்தது.

"உங்கடை அப்பாவும் தூரத்திலையோ?" என்று கேட்டாள் அருந்ததி.

எலேனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். அருந்ததியின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னாள்.

"ஓம்."