காணாமல் போன நாற்பது கட்டு விறகு

"என் அடுப்புல விறகு வைக்க உங்களை யாரு கூப்பிட்டா?"

"கூப்பிடுத நிலைமையிலயா கெடந்தீங்க?"

"கெடந்தா கெடந்துட்டுப் போறேன். என் வீடு, என் காய்ச்சல். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"மூணு நாளா நச்சரிச்சது நீங்கதானே புஷ்பம்மா? யாருக்குக் குடுத்தீங்க, யாருக்குக் குடுத்தீங்கன்னு. உங்களுக்குத்தான் குடுத்தேன். போதுமா?"

காலை ஆறு மணிப் பொதுஅலையில் இந்தச் சண்டை நடந்தபோது, ஆற்றங்கரை நெடுக ஏழு வானொலிப் பெட்டிகள் திறந்திருந்தன. இருவர் வாயும் ஓயவில்லை. மீதி ஐந்து பேர் மூச்சுக்கூட விடவில்லை. வடக்கில் பேச்சு கிடைப்பது ஒரு நாளைக்கு இருபதே நிமிடம். அதில் பாதி சண்டையில் போனாலும் நட்டம் இல்லை என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

தங்கபுஷ்பம் பெட்டியை அணைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள். ஏழு குளிர்காலமாக அவள் பெருமையெல்லாம் அந்த இரும்பு அடுப்புதான். அது இப்போது அந்நிய வீட்டு அடுப்பு மாதிரி இருந்தது.

தெற்கே வெயில் ஊர்களைக் காலி செய்த பிறகு, உருகிய வடக்கைப் பங்கு போட்டது வடபுல ஆணையம். ஆளுக்கு இருபத்தைந்து ஏக்கர், சுற்றிலும் லார்ச் மரக்காடு, பக்கத்து மனைக்குப் பதினாலு கிலோமீட்டர். ஏழு குளிர்காலம் தன்னந்தனியாகப் பிழைத்துக் காட்டினால் நிலம் சொந்தம். மீன் பிடித்துக் கருவாடு போடுவதும், கண்ணாடிக் கூடத்தில் உருளைக்கிழங்கு வளர்ப்பதும், விறகு பிளப்பதும் அவரவர் பாடு. யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது. யாருக்கும் எதுவும் கொடுக்கவும் கூடாது. கொடுக்கல் வாங்கல் வந்தால் ஊர் வந்துவிடும், ஊர் வந்தால் கோரிக்கை வந்துவிடும் என்பது ஆணையத்தின் பயம்.

கெடு முடிந்ததும் அதிகாரி படகில் வருவாள், மெய்காணியோடு. டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி அது. குரலில் பொய் இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. வாங்கினாயா, கொடுத்தாயா, வேறு யாராவது விதி மீறியது தெரியுமா என்று மூன்றே கேள்வி. வாங்கியவனுக்குக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. கொடுத்தவனுக்கும் பொய் சொன்னவனுக்கும் திரும்பிப் போகும் படகு.

தங்கபுஷ்பத்தோடு சண்டை போட்ட அமலதாஸ் இரண்டாவது கேள்வியில் விழுந்து, படகுக்குக் காத்திருந்தார். தூத்துக்குடியில் ஐஸ் தொழிற்சாலை மெக்கானிக்காக இருந்தவர், அறுபது வயது, அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். கொடுத்தேன் என்றார், யாருக்கு என்று சொல்ல மறுத்துவிட்டார். சட்டப்படி அது போதும். தங்கபுஷ்பத்துக்கு மட்டும் போதவில்லை. இன்னொருவர் வீட்டு விஷயம் பாதியில் நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது. மூன்று நாள் பொதுஅலையில் துருவித் துருவிக் கேட்டாள். சும்மா இருந்திருந்தால் பதினோரு நாளில் வரப்போகும் தன் விசாரணையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு "வாங்கலை" என்று சொல்லிப் பச்சை வாங்கியிருப்பாள். இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக்க மெய்காணியிடம் வழியில்லை.

நான்காம் குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் அது. ஆறு நாள் நினைவில்லை. விழித்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உயிரோடு இருப்பதைத் தினமும் பொத்தானை அழுத்தித் தெரிவிக்கும் உயிர்க்குறியும் ஆறு நாளும் பதிவாகியிருந்தது. நினைவு தப்பியும் என் கைகால் வேலையை விடவில்லை என்று அவள் அதை மூன்று வருடம் பொதுஅலையில் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஊர்ந்து போன தூரம் கொஞ்சம் கூடும். எல்லோரும் "ஆமாக்கா, ஆமாக்கா" என்பார்கள். அமலதாசும்தான். பொதுஅலையில் அவள் குரல் கேட்காமல் போனதும், தன் பொத்தானையும் பையில் போட்டுக்கொண்டு உறைந்த ஆற்றில் பதினாலு கிலோமீட்டர் நடந்து வந்து ஆறு நாள் அவள் கைக்குப் பதில் தன் கையால் பொத்தானை அழுத்திய மனிதர், "பெரிய விஷயம்தான் புஷ்பம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை ஜெபராணிதான் முதலில் வாயைத் திறந்தாள். தெற்கு மனைக்காரி, முப்பது வயது, தேன் தடவிய குரல்.

"அக்கா, ஒரு யோசனை சொல்லுதேன். அதைக் காய்ச்சல்ல கண்ட கனவுன்னு நினைச்சுக்கிடுங்க. பத்து நாளும் காலையில எந்திரிச்சதும் நினைங்க. பச்சை விழுந்துரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஜெபராணிக்கு அடுத்த மனைக்காரன் தாணு தொண்டையைக் கனைத்தான். "இனி மறைச்சு என்ன ஆவப்போவுது? சொல்லிரு ராணி."

"நாங்க எதையாவது தொலைப்போம்லா அக்கா," என்றாள் ஜெபராணி.

ஆற்று வளைவில் உப்பு மூட்டை விழுந்துவிட்டது, பாறைப் பக்கம் ரம்பம் தவறிவிட்டது, விதைக் கிழங்குப் பையைக் காணோம் என்று வாரம் ஒருமுறை யாராவது பொதுஅலையில் புலம்புவார்கள். இத்தனை கவனக்குறைவான ஜனங்களைத் தங்கபுஷ்பம் பார்த்ததில்லை. கையில் ஓட்டையா என்று கிண்டல் செய்திருக்கிறாள். ஒருமுறை உப்பு மூட்டையைத் தானே கண்டெடுத்து, "வந்து எடுத்துட்டுப் போங்க, தொலைச்சவுக யாரு?" என்று மூன்று நாள் அறிவித்திருக்கிறாள். யாரும் வரவில்லை. அந்த வருடம் தாணு உப்பில்லாமல் மீனை அழுகவிட்டது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தொலைச்சது குடுத்தது ஆவாது. கண்டெடுத்தது வாங்கினது ஆவாது," என்றான் தாணு. "அப்படியே நம்பிப் பழகிட்டோம். மெய்காணியும் நம்புது."

"அஞ்சு வருஷமாவா?"

"ஆமா."

"எல்லாருமா?"

"உங்களைத் தவிர."

"என்னை ஏன் விட்டீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்கே தெரியும். இரண்டாம் வருடம் கிழக்கு மனைக்காரர்கள் இரண்டு பேர் ஒரே வலையை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அதை ஆணையத்துக்கு எட்டாத பொதுஅலையில் மோப்பம் பிடித்து, சுற்றுக்கு வந்த அதிகாரியிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னவள் அவள்தான். இருவரும் ஒரே படகில் போனார்கள். விதி என்றால் விதி என்று அன்றைக்கு அவள் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். தொலைக்கும் பழக்கம் அதற்கு அடுத்த மாதம் தொடங்கியது. அவள் காதுக்குத் தப்பத்தான்.

"தாசண்ணன் உங்க அடுப்பைத் தொலைக்க முடியலைக்கா," என்றாள் ஜெபராணி மெதுவாக. "தீயை வழியில போட்டுட்டு வர முடியாதுல்லா. கையாலதான் வைக்கணும். அதான் அவரு மாட்டுனாரு."

இருபது நிமிடம் முடிந்து பெட்டி தானாக அணைந்தது.

அடுத்த பத்து நாள் தங்கபுஷ்பம் கனவு என்று நினைத்துப் பார்க்க முயலாமல் இல்லை. காலையில் எழுந்ததும் அடுப்பு முன் உட்கார்ந்து, யாரும் வரவில்லை என்று சொல்லிக்கொள்வாள். உடனே இன்னொன்று நினைவுக்கு வரும்: காய்ச்சல் விட்ட அன்று தன் போர்வை கால்மாட்டில் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தது. தன் காலடியில் தானே போர்வையைச் செருகிக்கொள்ள யாராலும் முடியாது. அன்றைக்கே அதைக் கவனித்திருந்தாள், யோசிக்கவில்லை. யோசித்தால் பெருமை போய்விடும்.

பதினோராம் நாள் அதிகாரி வந்தாள். அவள் பாஷையை, தங்கபுஷ்பம் காதில் மாட்டியிருந்த செவிமொழிக் கருவி செய்தி வாசிப்பவரின் தமிழில் சொன்னது: "தாங்கள் எவரிடமிருந்தேனும் எதையேனும் பெற்றுக்கொண்டீர்களா?"

"ஆமா. ஆறு நாள் தீ."

பச்சை. அதிகாரி பெருமூச்சு விட்டாள். கணக்கு பூஜ்யம், ஆனால் மனையிலேயே இருக்கலாம், இன்னும் ஏழு குளிர்காலம். ஐம்பத்திரண்டு வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான், இருந்தாலும் நிலம் கையைவிட்டுப் போகாது.

"தாங்கள் எவருக்கேனும் கொடுத்தீர்களா?"

"இல்லை." அதற்கும் பச்சை. அந்தப் பச்சைதான் அவளைச் சுட்டது.

"வேறு எவரேனும் விதி மீறியது தங்களுக்குத் தெரியுமா?"

வெளியே கொசுக்கள் கண்ணாடியில் மோதின. ஐந்து பேர் பெயர்களும் நாக்கு நுனியில் இருந்தன. ஐந்து வருடம் அவளை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் கண் ஜாடை காட்டியவர்கள். அவர்களுக்காக அவள் இரக்கப்பட்டாள் என்று சொன்னால் அது பொய். இந்த ஜனங்களில் ஒருவர் வைத்த தீயில் உயிர் பிழைத்தேன் என்ற பாரத்தோடு இன்னும் ஏழு வருடம் அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

"தெரியாது," என்றாள்.

சிவப்பு. அதிகாரி மறுபடி கேட்டாள். மறுபடியும் தெரியாது, மறுபடியும் சிவப்பு. பெட்டி பொய்யைத்தான் காட்டும், பெயர்களைக் காட்டாது.

"அடுத்த படகு வியாழக்கிழமை," என்றது செய்தி வாசிப்பவரின் தமிழ்.

புதன்கிழமை காலை பொதுஅலையில் தங்கபுஷ்பம் கடைசியாகப் பேசினாள். "என் விறகு நாற்பது கட்டு காணாமப் போச்சு. பாறைப் பக்கம் எங்கயோ தவறிட்டு." ஏழு குளிர்காலத்தில் அவள் தொலைத்த முதல் பொருள்.

விறகை எடுக்க யாரும் போகவில்லை. அதிகாரியோடு சேர்ந்து கண்ணி வைக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பனி பெய்து, உருகி, மறுபடி பெய்து, நாற்பது கட்டும் பாறையடியில் காளான் பூத்து உளுத்தன. அடுத்த கோடையில் ஐந்து பேருக்கும் ஒருவர் பின் ஒருவராகப் பட்டா வந்த பிறகுதான், அவள் காட்டிக்கொடுக்கவில்லையே என்று ஜெபராணி வாய்விட்டுச் சொன்னாள். அதைக் கேட்க அவள் அங்கே இல்லை.

ஜெபராணி தாணுவைக் கட்டிக்கொண்டு அவன் மனைக்கே போய்விட்டாள். பட்டா வந்தால் சேர்ந்து இருக்கத் தடையில்லை. அமலதாஸ், படகு இறக்கிவிட்ட துறைமுக நகரத்தில் படகுச் சீட்டு கொடுக்கும் விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். தங்கபுஷ்பத்தை அவர் கட்டுவார் என்று பந்தயம் கட்டியிருந்தவர்கள் தோற்றார்கள். அவளும் அதே நகரத்தில்தான் இருக்கிறாள். மீன் காயவைக்கும் கொட்டகையில் வேலை, முப்பத்திரண்டு பெண்கள் இருக்கும் விடுதியில் படுக்கை. அங்கே அடுப்பு பற்றவைக்கும் முறை வியாழக்கிழமைகளில் அவளுக்கு. மற்ற நாள்களில் யார் பற்றவைக்கிறார்கள் என்று அவள் கேட்பதே இல்லையாம்.