கயிற்றில் வந்த செருப்பு

மணி அடித்ததும் ஏஞ்சலா பால்கனிக்குப் போய்க் கயிற்றை இழுத்தாள். யாங்கோன் நகரத்தின் போட்டாதாங் பகுதியில் அந்தத் தெருவின் பழைய கட்டடங்கள் எதிலும் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரை தொங்கும். மேல்முனையில் சின்ன மணி, கீழ்முனையில் ஒரு கிளிப். கீழே வந்தவர் கயிற்றைச் சுண்டினால் மேலே மணி அடிக்கும். பேப்பர், மாத்திரை, பொட்டலச் சோறு எல்லாம் கிளிப்பில் தொங்கிக்கொண்டு மேலே வரும், வீட்டுச் சாவி அதே வழியில் கீழே போகும். ஐந்து மாடி ஏறி இறங்க முழங்காலில் தெம்பில்லாதவர்களுக்கு இது ஒரு பெரிய வரம்.

இன்று கிளிப்பில் ஒற்றைச் செருப்பு வந்தது.

செபாஸ்டியனின் இடது கால் செருப்பு. அறுந்த வாரை நீல நூலால் தைத்துக் கொடுத்தவள் அவள்தான், சந்தேகமே இல்லை. அடியில் வெள்ளைச் சேறு அப்பியிருந்தது, இன்னும் காயவில்லை. முகர்ந்து பார்த்தாள். வௌவால் எச்சமும் பாறை ஈரமும் கலந்த வாடை.

எட்டிப் பார்த்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமின. பாசிலின் டீக்கடையில் சார்ஜ் விளக்கு ஒன்று எரிந்தது, பஜ்ஜி எண்ணெய்ப் புகை மேலே வந்தது. கயிற்றின் கீழே யாரும் இல்லை.

"ஏங்க, உங்க செருப்பு வந்திருக்கு" என்று உள்ளறையைப் பார்த்துச் சொன்னாள்.

"வர்றேன்" என்று பதில் வந்தது.

வரவில்லை. எந்த வீட்டில் புருஷன் 'வர்றேன்' என்று சொன்ன கையோடு எழுந்து வந்திருக்கிறான்? அவள் செருப்பைச் சுவரோரம் வைத்துவிட்டு, அது எப்படி இங்கே வர முடியும் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தச் செருப்பு பா-ஆன் என்ற ஊருக்கு அப்பால், பாதி நாள் பஸ் பயணத் தொலைவில், ஒரு குகை வாசலில் கிடக்க வேண்டியது.

செபாஸ்டியன் படகுத்துறைக் கிடங்கில் கணக்கெழுதுகிறவன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போதும், பஸ் ஏறிவிடுவான். வயல்களுக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளும், அவற்றுக்கு இடையே நெளியும் பள்ளத்தாக்குகளும்தான் அவனுக்குக் கோயில், கடற்கரை எல்லாம். "ஒரு தடவ என்கூட வா ஏஞ்சு" என்று கெஞ்சினான். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஏஞ்சு என்றுதான் கூப்பிடுவான். வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்ற கால்களோடு அவளும் கிளம்பினாள்.

நேற்றுக் காலை முழுக்க வரப்பில் நடந்தார்கள். மதியம் ஒரு குகைக்குப் போனார்கள். வாசலில் புத்தர் சிலைகள் இருந்ததால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தார்கள். ஒரு பக்கமாய்ப் போய் மறுபக்கமாய் அதே வாசலுக்கு வந்துவிடலாம் என்றான். பாதை குறுகியது. அவள் போனில் சார்ஜ் இல்லை. அவன் போனை வாங்கி வெளிச்சம் காட்டிக்கொண்டு அவள் முன்னால் போனாள். இன்னொரு கையைப் பின்னால் நீட்டினாள், அவன் பிடித்துக்கொண்டான். ஓரிடத்தில் வழுக்கியது. கையை விட்டுச் சுவரைப் பிடித்து நின்று, மறுபடி பின்னால் நீட்டினாள். கை வந்து சேர்ந்தது. சில்லென்று இருந்தது. உள்ளே எல்லாமே சில்லென்றுதான் இருந்தது.

"வர்றீங்களா?"

"வர்றேன்."

வெளியே வந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவன் செருப்பைப் பார்க்காமலே வெறுங்காலோடு நடந்தான். "செருப்புங்க" என்று கத்தினாள். அவன் நிற்கவில்லை. குனிந்து எடுக்கவும் முடியாத அலுப்பு அவளுக்கு. யாங்கோன் வரும்வரை பஸ்ஸில் தூங்கினாள். வீடு வந்ததும் அவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். இன்று வேலைக்கும் போகவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டாள், சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை என்று நிம்மதியாக மருந்துக்கடைக்குப் போய்விட்டாள்.

அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள். நேற்றிலிருந்து மின்சாரம் இல்லை, இரண்டு போனும் செத்துக் கிடந்தன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சோறு கொதிப்பதைப் பார்த்தபடியே கண் சொருகியது.

மணி அடித்தது. ஒரே ஒரு சுண்டு.

செபாஸ்டியன் வேலை முடிந்து வரும் நேரம். அவன் இரண்டு சின்னச் சுண்டும் ஒரு நீள இழுப்புமாக மணி அடிப்பான். அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை. பழகிப்போன கை ஆணியிலிருந்து சாவி வளையத்தை எடுத்தது, கிளிப்பில் மாட்டியது, இறக்கியது. கீழே யாரோ பிடித்தார்கள். கயிறு லேசானது.

அப்புறம்தான் விழித்துக்கொண்டாள்.

அவர் உள்ளே அல்லவா படுத்திருக்கிறார்?

"பாசில்!" என்று கத்தினாள். "பாசில் தம்பி! யாரு கீய எடுத்தது?"

டீக்கடைக்காரன் அண்ணாந்து பார்த்தான். "என்னக்கா கேக்குறீங்க? செபாஸ்டியன் அண்ணன்தான். மேல ஏறிட்டாரு. முட்டி வரைக்கும் வெள்ளச் சேறு. ஒத்தக் கால்ல செருப்பு. கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல."

அவள் வாசலுக்கு ஓடினாள். இரும்புக் கேட் பூட்டியிருந்தது. பொழுது சாய்ந்தால் பூட்டிவிடுவது அவள் வழக்கம். அந்தப் பூட்டின் சாவியும் அதே வளையத்தில்தான் போயிருந்தது.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. செருப்புக் கால் ஒன்று, சப். வெறுங்கால் ஒன்று, பத். சப். பத். அவசரமே இல்லாமல் வந்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று, பிறகு வந்தது.

"ஏங்க" என்றாள் உள்ளறையைப் பார்த்து. "யாரோ வர்றாங்க. எழுந்திருங்க."

"வர்றேன்."

அதே குரல். அதே இழுவை. நேற்றிலிருந்து இந்த மனுஷன் வேறு ஒரு வார்த்தை பேசினாரா? சாப்பிடக் கூப்பிட்டபோது வர்றேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டபோதும் வர்றேன். அப்போது அது உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

சப். பத்.

கேட்டுக்கு வெளியே அவன் நின்றான். மெழுகு வெளிச்சத்தில் அந்த முகம், ஓய்ந்துபோன அந்தத் தோள், அவளுக்குத் தெரிந்தவைதான். காலெல்லாம் வெள்ளை. "ஏஞ்சலா" என்றான். "எத்தன தடவ கூப்பிட்டேன். நீ திரும்பியே பாக்கலையே."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குகையில் கையை விட்ட இடத்திலேயே புருஷனை விட்டுவிட்டு, எதையோ கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் படுக்க வைத்திருக்கிறாள். "தொறங்க" என்றாள். "சீக்கிரம் தொறங்க. அது உள்ள இருக்கு." கம்பிக்கு இடையே வலது கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான்.

சில்லென்று இருந்தது.

அவள் கையை இழுத்தாள். வரவில்லை.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. வெறுங்கால்கள் தரையில் ஒட்டி ஒட்டி எழுந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த இடது கைக்குள் ஒரு கை வந்து சேர்ந்தது. ஐந்து விரலும். அதே சில்லிப்பு. இரண்டு கைக்கும் வித்தியாசமே இல்லை.

சோறு தீயும் வாடை.

மணி அடித்தது.

இரண்டு சின்னச் சுண்டு. ஒரு நீள இழுப்பு.

"ஏஞ்சு!" கீழே தெருவிலிருந்து கரகரத்த குரல், நாளெல்லாம் பஸ்ஸில் இடிபட்ட எரிச்சலோடு. "ஏஞ்சு! எத்தன வாட்டி இழுக்குறது? கீய எறக்கு!"

வாயைத் திறந்தாள். இரண்டு கைகளும் இறுகின.

பால்கனியில் கயிறு ஆடிக்கொண்டே இருந்தது.