மௌனத்தைப் பதிந்த கட்டில்

ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் ஒருநாளும் மௌனத்தைப் போட்டுக் கேட்டதில்லை. சத்தமில்லாத பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார யாருக்குப் பொழுது இருக்கிறது? அன்று மத்தியானம்தான் பூச்சிக்காரி முதல்முறையாகப் போட்டுக் கேட்டாள்.

மௌனத்துக்குள் ஏதோ மென்றுகொண்டிருந்தது.

பூச்சிக்காரி என்பது அவள் கணவர் செல்லமாக வைத்த பேர். நிலையத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வாசல் சாலையின் இருபுறமும் நிற்கும் நாற்பது அலங்காரப் பேரீச்சைகளும் அவள் பொறுப்பு. அந்த மரத்தின் பயன்களைப் பற்றி அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம்: பழம் வாயில் வைக்க விளங்காது, நிழல் ஒரு ஆளுக்குப் போதாது, படம் பிடித்தால் நன்றாயிருக்கும். அதைத் தின்னும் சிவப்புக் கூன்வண்டைப் பற்றி எழுதியது முந்நூறு பக்கம். வண்டு தண்டில் முட்டையிடும். புழு உள்ளேயே குடியிருந்து குருத்தைத் தின்னும். மரமோ பச்சைப் பசேலென்று, ஒன்றும் நடக்காதது போல நிற்கும், தலை சாயும் நாள் வரை. சாய்ந்தபின் வைத்தியம் கிடையாது.

அதனால் புழு மெல்லும் சத்தத்தைத் தண்டுக்கு வெளியிலிருந்தே பிடிக்கும் கருவி ஒன்றை அவள் செய்திருந்தாள். முதலில் காய்ந்துபோன கட்டையில் ஒட்டி மௌனத்தைப் பதிய வேண்டும். பிறகு ஒவ்வொரு மரத்தின் ஒலியிலிருந்தும் அந்த மௌனத்தைக் கழிக்க வேண்டும். மிச்சமிருந்தால் புழு. நாற்பது மரத்திலும் மிச்சமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்று காலை பதினொன்றாம் மரத்தின் தலை ஒடிந்து, இயக்குநருடைய காரின் மேல் வந்து உட்கார்ந்தது. காருக்குள் ஆள் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த இயக்குநருக்குத்தான் முதலுதவி தேவைப்பட்டது.

"சாயுதுன்னு போன வாரமே சொன்னேனா இல்லையா மேடம்?" என்றார் தோட்டக்காரர். "நீங்கதான், மரம் சாயல, உங்க கண்ணுதான் சாயுதுன்னீங்க."

மெல்லும் சத்தத்திலிருந்து மெல்லும் சத்தத்தைக் கழித்தால் மிச்சம் ஏது?

நிலையத்தில் ஜெனரேட்டர் ஓயாமல் இரையும் என்பதால் மௌனத்தை அவள் வீட்டில் பதிந்திருந்தாள். ஒரு ஞாயிறு மத்தியானம். கட்டிலின் தலைமாட்டுப் பலகையில். கணவர் அதில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

கட்டிலில் பூச்சி என்றால் கட்டிலைக் கொளுத்திவிடலாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் சாய்த்துப் போட்டிருந்தது. குழாய் சொட்டுவதும், கணவர் பழுது பார்க்கக் கொண்டுவந்து வைத்த ஏழெட்டுக் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தைச் சொல்லி ஓடுவதும், அவற்றுக்கெல்லாம் அடியில், இரண்டு மாதமாகத் தன் வேலை உடுப்பிலிருந்து வருகிறதென்று நினைத்துத் தினமும் அவள் துவைத்துத் துவைத்துப் போட்ட புழு விழுந்த மரத்துக்கே உரிய அந்தப் புளித்த பழச்சாற்று வாடையும் சேர்ந்து அறையை நிறைத்திருந்தன. உடுப்பு கொடியில் காய்ந்தது. வாடை இங்கே இருந்தது.

"பூச்சிக்காரி, இன்னைக்கு சீக்கிரமே வந்துட்டியே. வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்லை. உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"ரொம்ப லேசா இருக்கு. தலையில பாரமே இல்லை."

இரண்டு மாதமாக அதைத்தான் சொல்கிறார். கடை வாடகை, கடன் எதையும் நினைத்துக் கவலைப்படுவதில்லை. நல்லதுதான் என்று அவளும் விட்டிருந்தாள்.

கருவியை மேசையில் ஒட்டினாள். ஒன்றுமில்லை. கதவில். ஒன்றுமில்லை. தலைமாட்டுப் பலகையில் வைத்தாள்.

கறுக். கறுக். கறுக்.

அப்பாடா என்றிருந்தது. கட்டில்தான். வெறும் கட்டில்.

"என்ன, கட்டிலுக்குக் காய்ச்சலா?"

"புழு அரிக்குது. கொளுத்திடலாம். கொஞ்சம் முன்னாடி வந்து உக்காருங்க."

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். பலகையை விட்டுத் தலை எடுத்தார்.

சத்தம் நின்றது.

அவள் கருவியைத் தட்டிப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. கடிகாரங்கள் ஓடின.

"மறுபடி சாயுங்க."

சாய்ந்தார். கறுக். கறுக்.

"நகருங்க."

நின்றது.

"என்னை வச்சு என்னடி விளையாட்டு?" என்று சிரித்தார். சிரித்த முகம் அப்படியே இருந்தது. தலை மட்டும் மெதுவாக, மிக மெதுவாக, இடது தோளின் பக்கம் இறங்கியது. கழுத்து கூடவே வரவில்லை.

தலையணையில் மென்று துப்பிய செம்பழுப்பு நார். ஒரு கைப்பிடி. ஈரமாக.

கருவி கீழே விழுந்தது. இரண்டு கைகளாலும் அவர் தலையைத் தாங்கிப் பிடித்தாள். கனமே இல்லை. காய்ந்த சுரைக்குடுக்கை போல. உள்ளங்கைகளில் அது துடித்தது. கறுக். கறுக்.

கறுக்.

பிறகு இல்லை.

அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் எழுதியதுதான். தின்று முடித்த புழு சத்தம் போடாது. நாரைச் சுற்றிக்கொண்டு கூடு கட்டும். கூட்டிலிருந்து வண்டு வரும். பறக்கும்.

காதோரம் தோல் ஓரிடத்தில் மெல்ல மேடிட்டது. உள்ளிருந்து ஒரு கூரிய மூக்கு வழி தேடியது.

"லேசா இருக்கு," என்றார் அவர், அவளைப் பார்த்தபடி, ஆசையாக. "கையை மட்டும் எடுத்துடாதே."