நடுக் கோரில் ஒரு மேடு

நடுக் கோரில் ஒரு மேடு தெரிந்தது. தெரியக் கூடாது.

தலைமுடி அளவுக் கண்ணாடி இழை அது. உள்ளே ஏழு ஒளிப்பாதைகள். கோர் என்பார்கள், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. சுற்றியிருந்த ஆறில் மட்டும்தான் அவள் ஒளியை விட்டிருந்தாள். நடுவில் எவ்வளவு கசிகிறது, எந்த இடத்தில் கசிகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. கடலடியில் கண்டம் விட்டுக் கண்டம் போக வேண்டிய வடிவமைப்பு. ஒரு கோரின் பேச்சு இன்னொன்றில் கேட்கக் கூடாது. திரையில் கோடு தட்டையாக ஓடி, முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் மட்டும் எழும்பி நின்றது. யாரோ அந்த இடத்தில் இழையைக் கிள்ளிப் பிடித்ததுபோல.

இழைச் சுருள் மேசைக்கு அடியில், பெட்டிக்குள் பூட்டியிருந்தது; ஒரு முனை மட்டும் வெளியே வந்து கருவியில் செருகியிருந்தது. சாவி அவள் பையில்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளிச்சம் புகாதபடி கறுப்புத் திரைச்சீலை தொங்கிய அறையில் கருவிகளின் சீரான இரைச்சலும், ஸ்பிரிட் வாடையும், அதற்கும் அடியில் எத்தனை முறை துடைத்தும் போகாத சூட்டு வாடையும் இருந்தன. கைக்குப் பக்கத்தில் விசாரணைக் கடிதம். 'உலைக் கதவை ஆபரேட்டர் தாமாகவே திறந்தார்.' கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஆபரேட்டர். அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உலையில் கண்ணாடித் தண்டை உருக்கி இழையாக இழுக்கும் கோபுரத்தில் இருபது வருடம் நின்றவர், எல்லோருக்கும் நூலண்ணன்.

"ஏய் சோடாபுட்டி, தண்டுல கீறல் இருக்கும்மா. உலையை ஆறவிட்டுப் பார்ப்போம்."

"ஆறவிட்டா ஒரு நாள் போயிடும்ண்ணா. கதவை லேசாத் திறந்து பார்த்துடுங்களேன். பாதுகாப்புப் பூட்டை நான் எடுத்து விடுறேன்."

"உன் அவசரத்துல என் மீசை கருகப் போகுது பாரு." அன்று சிரித்துக்கொண்டேதான் கோபுரம் ஏறினார்.

கருகியது மீசை மட்டுமல்ல. மூன்றாம் நாள் போய்விட்டார். தண்டு வெடிக்கும்வரை இழுத்த இழைதான் இது.

மேடு இப்போது இருபத்தொன்றில் நின்றது.

கருவிக் கோளாறு. நிறுத்தி, மறுபடி ஓட்டினாள். பதினாறு.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பூச்சு சரியா என்று பார்க்க, இழையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே விட்டு, கண்ணை மூடித் தடவிக்கொண்டே வருவார். முனைக்கு வந்ததும் மெல்ல இரண்டு முறை இழுப்பார். வந்துட்டேன் என்று அர்த்தம்.

போன் அடித்தது. மேலாளர்.

"கையெழுத்து போட்டாச்சாம்மா? மூணு மணிக்கு அவர் வீட்டம்மா வர்றாங்க. தப்பு அவர் மேலதான்னு எழுத்துல காட்டணும்."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது.

"போட்டுட்டேன் சார்."

போனை வைத்துவிட்டு, போட்டாள்.

நான்கு கிலோமீட்டர். ஒன்று. அறுநூறு மீட்டர்.

ஒளியை அணைத்தாள். மேடு அழியவில்லை.

நாற்பது மீட்டர்.

கருவியிலிருந்து இழையைப் பிடுங்கினாள். அதன் முனை அவள் விரல்களுக்கு நடுவே இருந்தது.

திரையில் மேடு இன்னும் நகர்ந்தது. மூன்று.

கருகிய மயிர் வாடை.

ஒன்று.

தளர்ந்து கிடந்த இழை மெல்ல விறைத்தது.

ஒரு முறை இழுத்தது.

இன்னொரு முறை.

மேசைமேல், ஈரம் காயாத அவள் கையெழுத்தின் மீது, கட்டைவிரல் அகலத்துக்குத் தாள் பழுப்பேறிக்கொண்டிருந்தது.