கதிர் பாடத்திட்டத்தில் இல்லை

அன்று புதன்கிழமை. ஏழாம் கூடத்து நெற்பயிர்களுக்கு வாரத் தேர்வு.

காலையிலேயே பறிப்பான்கள் வரிசைக்கு ஒன்றாக வயலில் இறங்கிவிட்டன. நண்டு போன்ற சிறிய இயந்திரங்கள். ஒவ்வொரு பயிரின் முன்பும் நின்று உயரத்தை அளந்தன. இலையின் பச்சையைப் பார்த்தன. இலை தண்டோடு சேரும் இடத்தில் சிறு நாக்குப் போன்ற சவ்வு இருக்கிறதா என்று ஒளி பாய்ச்சிச் சோதித்து மதிப்பெண் போட்டன. தொண்ணூறோ அதற்கு மேலோ வாங்கினால் நெல். குறைந்தால் களை. களையை வேரோடு பிடுங்கி முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டு அடுத்த பயிருக்கு நகர்ந்தன. செவ்வாய்க் கோளின் குடியிருப்பில் இதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

தாமிரா அன்று நின்று பார்த்தாள். கூடைகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிரம்பிக்கொண்டிருந்தன.

அவள் அந்தக் கூடத்தின் வயற்காப்பாளர். தாவரவியல் படித்தவள். கூடையிலிருந்து ஒரு பயிரை எடுத்து இலையைக் கிள்ளி மரபணு உணர்வியில் வைத்தாள். ஒரு பயிருக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் கருவி அது. அதனால்தான் வயலில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பச்சை விளக்கு எரிந்தது. நெல். இன்னொன்றை வைத்தாள். அதுவும் நெல்.

பிறகு, தேர்வில் தேறி வயலில் நிமிர்ந்து நின்ற ஒரு பயிரின் இலையை வைத்துப் பார்த்தாள். களை.

பூமியிலிருந்து வந்த முதல் விதைமூட்டையிலேயே அந்தக் களையும் வந்திருந்தது. கூடத்தில் ஆண்டுக்கு ஐந்து போகம். ஒவ்வொரு போகத்திலும் நெல்லைப் போல இல்லாத களைகளைப் பறிப்பான்கள் பிடுங்கின. நெல்லைப் போலச் சற்றே இருந்தவை தப்பித்து விதை போட்டன. அடுத்த போகத்தில் இன்னும் கொஞ்சம் நெல்லைப் போன்றவை தப்பித்தன. இப்படி முப்பது ஆண்டுகளில் களைக்கு நாக்கும் முளைத்துவிட்டது.

நெல்லுக்கு இரண்டு வேலை. தேர்விலும் தேற வேண்டும், கதிரில் பாலும் பிடிக்க வேண்டும். களைக்கு ஒரே வேலைதான். அதை அது நன்றாகச் செய்தது.

பறிப்பான்களைப் பழுது பார்க்கும் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் கூடையையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இவ்ளோ நாளா நாம களைக்கா தண்ணி பாய்ச்சினோம்?"

"பாதிக்குப் பாதி இருக்கும்ண்ணா."

"பாதி நெல்லு இருக்கா? பரவால்லயே. எங்க ஆபீஸ்ல அந்த அளவுகூடத் தேறாது."

தாமிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. விதைத்த நெல்லில் நூற்றுக்குத் தொண்ணூறு தேறாவிட்டால் வயலை மூடிப் பாசித் தொட்டியாக்கிவிடுவார்கள். மற்ற ஆறு கூடங்களும் அப்படித்தான் தொட்டிகளாயின. குடியிருப்பு முழுக்கப் பாசி இட்லி, பாசி உப்புமா. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு கைப்பிடி சோறு. அது இந்த ஒரு வயலிலிருந்துதான் போனது. இதுவும் போனால் இந்தக் கோளில் சோறு இல்லை.

தரச்சான்று அலுவலர் வித்யாதரன் மறுநாள் வந்தார். மென்மையாகப் பேசுகிறவர். தாமிரா இரண்டு பயிர்களை அவர் முன் வைத்தாள்.

"சார், இது நெல்லு. உணர்வியே சொல்லுது."

"இருக்கலாம்மா. ஆனா எம்பத்தொண்ணுதானே வாங்கியிருக்கு."

"இது தொண்ணூத்தேழு. ஆனா இது களை சார்."

அவர் களையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் மரியாதை தெரிந்தது. "நல்லாத் தயார் பண்ணிட்டு வந்திருக்கு."

"கதிர் வர்ற வரைக்கும் பொறுங்க சார். ஒண்ணுல அரிசி இருக்கும், இன்னொண்ணுல உமிதான் இருக்கும். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"கதிர் பாடத்திட்டத்துல இல்லைம்மா."

கதிர் வருவதற்கு முன்பே களை எடுத்து முடிக்க வேண்டும். ஆகவே கேள்விகள் இலையிலும் தண்டிலும் மட்டும்தான். இதை அவர் பொறுமையாக விளக்கினார். அதில் பிழை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

"கதிரையும் சேத்துக்கங்க சார்."

"சேத்தா ரிசல்ட் தள்ளிப் போயிடும். பூமியில கேப்பாங்க." எழுந்தவர் வாசலருகே நின்றார். "அடுத்த புதன்தான் இறுதித் தேர்வு. இப்படியே இருந்தா தொட்டி கட்ட ஆள் வந்துடுவாங்கம்மா. எனக்கும் சோறு பிடிக்கும். ஆனா என்ன பண்றது?"

பிடுங்கிய நெல்லையெல்லாம் தாமிராவும் ஆரோக்கியமும் சேற்றில் திரும்ப நட்டார்கள். அன்றிரவு தாமிரா தழைச்சத்து உரத்தை நான்கு மடங்காக்கினாள். இலை கரும்பச்சையாக வேண்டும். கூடத்தின் விளக்குகளை அணைக்கவில்லை. அவர்கள் பயிரிட்டது நீண்ட இருட்டைக் கண்டால்தான் பூக்கும் நெல். அதுவரை இலை இலையாகத்தான் விட்டுக்கொண்டிருக்கும். இலைக்குத்தானே மதிப்பெண்.

"தூங்க விடாமப் படிக்க வைக்கிற" என்றார் ஆரோக்கியம்.

"ஒரு வாரம்தான்ண்ணா. சர்டிபிகேட் வந்ததும் விளக்க அணைச்சிடலாம். அப்புறம் அது பாட்டுக்குப் பூக்கட்டும்."

புதன்கிழமை ஒரு பயிர்கூடத் தோற்கவில்லை. பறிப்பான்கள் வெறும் கூடைகளோடு கரையேறின. குடியிருப்பு தொடங்கிய நாளிலிருந்து எந்த வயலும் வாங்காத தேர்ச்சி அது. வித்யாதரன் சான்றிதழைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். பாராட்டுக் கூட்டத்தில் அவருக்குக் கண் கலங்கியது. கூடத்து வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி. முதல் மூன்று இடம் பிடித்த பயிர்களின் படம், பக்கத்தில் மதிப்பெண்.

முதலிடம் பிடித்தது களை. தாமிராவும் ஆரோக்கியமும் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

அன்றிரவு அவள் விளக்குகளை அணைத்தாள். மறுநாள் காலையில் நடந்த திடீர்த் தேர்வில் சராசரி இரண்டு மதிப்பெண் குறைந்திருந்தது. மதியத்துக்குள் வித்யாதரன் வந்துவிட்டார்.

"நல்லா வந்துட்டிருக்கிறப்ப எதுக்கும்மா கை வைக்கிற?"

"பூக்கணும் சார். இருட்டு இல்லாமப் பூக்காது."

"பூத்தா இலை பழுத்துடுமேம்மா?"

"அறுவடைன்னா அதுதானே சார்."

அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். மாலையில் விளக்குகள் மறுபடி எரிந்தன, அவற்றின் பொத்தான்களுக்கு மேல் பூட்டிய கண்ணாடி மூடி ஒன்று வந்தது. பூட்டின் சாவி அலுவலகத்தில்.

அறுவடை நாளில் நெல் இடுப்பளவு வளர்ந்து, கரும்பச்சையாக, ஒரே மட்டத்தில் நின்றது. ஒரு கதிர்கூட இல்லை. களை இருட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அது தன் விதையை எப்போதோ சேற்றில் உதிர்த்து முடித்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சோறு வரவில்லை. ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். வயலை மூடவில்லை, இனி மூடவும் மாட்டார்கள் என்று அறிவிப்பு வந்ததும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது.

அதற்கடுத்த வாரம் கோமளா என்றொரு பெண், பாசித் தொட்டியில் வேலை செய்பவள், ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்கதானே தாமிரா மேடம்? நூறு சதவீதம் எடுக்க வச்சவங்க?"

"அது நெல்லுங்க."

"தெரியும் மேடம். பாப்பாவுக்கு இப்பவே ஆரம்பிச்சாத்தான் பூமியில சீட்டு. நீங்க என்ன பண்ணீங்கன்னு மட்டும் சொன்னாப் போதும்."

என்ன செய்தாய் என்று அவளிடம் கேட்ட முதல் ஆள் கோமளாதான். தாமிரா எதையும் மறைக்கவில்லை.

"உரத்த நாலு மடங்கு ஏத்தினேன். விளக்க அணைக்கவே இல்ல. இருட்டே காட்டல."

கோமளா கைக்கருவியில் குறித்துக்கொண்டாள். "தூக்கம்?"

"கிடையாது."

"சரிங்க மேடம்."

"அப்படி வளத்தாக் கதிர் வராதுங்க. ஒண்ணுகூட வரல. உள்ள பாருங்க."

கோமளா கண்ணாடிச் சுவருக்கு அருகே போய் வெகுநேரம் பார்த்தாள். பயிர்கள் அசையாமல் நின்றன.

"எவ்ளோ ஒழுங்கா நிக்குது" என்றாள். "கதிரெல்லாம் சீட்டு கிடைச்சப்புறம் பாத்துக்கலாம் மேடம்."

தாமிரா பதில் சொல்வதற்குள் அவள் திரும்பி நடந்து, பேனருக்குக் கீழே உட்கார்ந்தபடியே உறங்கிவிட்ட மகளைத் தட்டி எழுப்பினாள்.