கணியத்துக்கு ஒரு சான்று

காலை ஒன்பது மணிக்கு மெற்றில்டா, தொழிற்சொற்களைப் பதியும் சொல்லாயத்தைத் திறந்து இயந்திரத்துக்கு வணக்கம் சொன்னாள். அதற்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. நேற்று விட்ட இடத்திலிருந்து கேள்வி கேட்டது. ஊருக்கொரு சொல்லாயம் வந்து நான்கு வருடம் ஆகிறது. தச்சர்களும் கொல்லர்களும் முடித்துவிட்டார்கள். இப்போது மீனவர்கள் முறை.

சட்டம் எளிதானது. தொழிலுக்குரிய நூறு சொற்களை வேர், பொருள், சான்றோடு பதிவு செய்த ஊருக்குத்தான் அந்தத் தொழில். மற்ற ஊர்களுக்கு உரிமம் ரத்து. காலங்காலமாகக் கடலிலேயே கிடந்தவனைப் பார்த்து, உனக்குக் கடல் தெரியுமா என்று கேட்க ஒரு பெட்டி! மெற்றில்டாவின் ஊர் தொண்ணூற்றொன்பது சொல்லியிருந்தது. இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

நூறாவது சொல், கணியம். 'கணி' என்பது வேர், குறித்து அறிதல். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரு நேர்கோட்டில் வைத்து, வேறிரண்டை இன்னொரு கோட்டில் வைத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் கடலுக்கடியில் மீன் அடையும் பாறைத்திட்டு, அதாவது பார், இருப்பதைக் கண்டுகொள்வது. வேரும் பொருளும் ஏற்கப்பட்டன.

"சான்றாக ஒரு கணியம் தேவை," என்றது இயந்திரம்.

அதற்காகவே கணவன் ததேயுவை வரச்சொல்லியிருந்தாள். நாலரை மணிக்குக் கரையேறி ஈர வேட்டியோடு வந்தான்.

"கோயில் கோபுரத்த புளியமரத்துக்கு நேரா வையி. கூம்பு மலைய வெளக்குத் தூணுக்கு நேரா வையி. அங்க பார் கெடக்கு."

இயந்திரம் கடலடி வரைபடத்தைப் புரட்டியது. அதில் பாறைகள் ஆயிரம் உண்டு; மீன் அடைவது எதில் என்றுதான் அதற்குத் தெரியாது. "சான்று தவறு. அங்கே மணல்."

மெற்றில்டா அவனை ஓரமாக இழுத்தாள். "பொய்யா சொல்லுதீங்க?"

"பின்ன? கூடப்பெறந்தவனுக்கே எவனும் கணியத்த நெசமா சொல்லமாட்டான். எங்கப்பா சாகக் கெடக்கையிலதான் எனக்குச் சொன்னாரு."

"பெட்டிதான, அது யாருகிட்ட போய்ச் சொல்லப்போகுது? நாளைக்கு நாப்பது வீட்டுக்கும் உரிமம் போயிரும்."

"வேண்டாம் ஏட்டி."

மூத்த மகள் பிறந்த அன்று, சந்தோஷத்தில் அவளிடம் மட்டும் அப்பா சொன்ன அந்தக் கணியத்தை உளறியிருந்தான். நான்கு அடையாளங்களையும் அவள் மறக்கவில்லை. சொன்னாள்.

"சான்று சரி. நூறு நிறைந்தது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது, மகிழ்ச்சியில்தான். திரும்பிப் பார்த்தபோது ததேயு இல்லை. அவன் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

பதிவான சொல் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், கப்பல் இயந்திரங்களும்கூட என்று சட்டத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது. அவள் படித்துமிருந்தாள். சொல்லைத்தானே படிப்பார்கள், சான்றையுமா என்று நினைத்துவிட்டாள், பாவி. ஒன்பதாம் நாள் ஆளில்லா விசைப்படகுகள் ஏழு, தயங்காமல் நேராக அங்கே வந்து நின்றன. இரண்டே நாளில் பாரை வழித்தெடுத்துவிட்டுப் போய்விட்டன.

உரிமம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் மாதம் ஒருமுறையாவது கடலில் புழங்க வேண்டுமாம். புழங்காத சொல் நூறிலிருந்து கழியும். அதனால் மாதத்தின் முதல் திங்களன்று ததேயு வலையில்லாமல் வள்ளம் இறக்குகிறான். செத்த பாருக்கு மேலே நின்று, நான்கு அடையாளங்களையும் சொல்லாயம் கொடுத்த ஒலிக்கருவியில் சொல்லிவிட்டுத் திரும்புகிறான்.

முதல் தடவை அவன் கரையேறியபோது மெற்றில்டாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சரியா சொன்னீங்களா?"

"நெசத்ததான் சொன்னேன்," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "இனி பொய் சொல்லி மறைக்க அங்க என்ன கெடக்கு?"